பலகை பார்த்துக் கால் வை

அம்முவுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. அப்புறம் மூன்று வாரமாக ஒரு வார்த்தை இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அப்படி நினைக்கவில்லை.

அந்தப் பழைய ஓட்டுச் சூளையின் வெளிச்சுவர் சரிந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது சரிவு இல்லை, கட்டியதே அப்படித்தான். உள்ளே செங்கல் வளைவு சூட்டில் விரிந்து சுவரை வெளியே தள்ளும். அதைத் தாங்கத்தான் அடியை அகலமாக வைத்து மேலே ஒடுக்கியிருக்கிறார்கள். இடிக்கச் சொல்லி அறிக்கை எழுதிவிடாதே. பரணில் நடக்கும்போது மட்டும் பலகை பார்த்துக் கால் வை.

இந்த மாதிரிச் சுற்றுச் சூளைக்கு ஹாஃப்மன் என்ற ஜெர்மன்காரர் 1858இல் காப்புரிமை வாங்கினார் என்று நீ படித்திருப்பாய். நான் படிக்காமலே அந்த மாதிரிச் சூளையின் தலைமேல் இருபது வருஷம் நடந்தவன். ஓடு வைத்த இடத்திலேயே இருக்கும், நெருப்புதான் அறை அறையாகச் சுற்றி வரும். ஆறுகிற ஓட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு காற்று நெருப்புக்கு வரும். அங்கிருந்து இன்னும் சுடாத பச்சை ஓட்டைச் சூடாக்கிவிட்டுப் புகைபோக்கிக்குப் போகும். நடுவில் காற்றை மறிக்கிற தடுப்பு எதுவென்று நினைக்கிறாய்? வெறும் காகிதம்! சூடு ஏறினால் தானே எரிந்துபோகும். மிச்சச் சூட்டையும் விடமாட்டார்கள், மேலே பரண் போட்டு ஈர ஓட்டை உலர்த்துவார்கள். அந்தப் பரணைத்தான் சொல்கிறேன், பலகை இற்றுப்போயிருக்கும்.

நான் கரி போட்ட மாதிரி ஒரு சூளையை என் மகள் டேப் பிடித்து அளக்கிறாள். பெருமைதான். ஆனால் நீ தனியாகத் தங்கியிருப்பதைச் சித்தி வாயால் கேட்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்கு ஏழு வயதில் சூளை மேல் உன் பாவாடை நுனி கருகியதே, மேலிருந்து கரி போடுகிற துவாரத்தின் மூடியைத் திறந்தது நீ என்று எல்லார் முன்னாலும் அடித்தேன். "நான் இல்லப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். கரி போட்டுவிட்டு மூடியைத் திருப்பி வைக்காமல் பீடி பற்றவைக்கப் போனது நான். மேஸ்திரி பக்கத்தில் நின்றார், வேலை போய்விடும் என்று பயந்தேன். அன்றிலிருந்து நீ எதையும் என்னிடம் இரண்டாம் தடவை சொல்வதில்லை. போன தடவை வந்தபோதும் ஒரு தடவை சொன்னாய். "சமாளித்துக்கொள்" என்றேன்.

மாடி அறையை அம்மா ஒழித்து வைத்திருக்கிறாள். அந்த இரும்பு மூடி ஏதாவது அங்கே மிச்சம் இருந்தால் படம் எடுத்து அனுப்பு. அதற்காகப் பரணில் ஏறாதே.

அப்பா