ராஜி, பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தேன்

அன்புள்ள ராஜி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. கார்த்தி கடைசி செமஸ்டர் எழுதிக்கொண்டிருக்கிறான். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். கீழ்வரிசையில் வலது பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் பண்ணிக்கொண்டேன். ஆமாம், நானேதான். உமாவிடம் சொன்னதும் அவள் போனில் போட்ட கூச்சல் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். உன்னிடம் போனில் சொல்லவில்லை. சொன்னால் பாதியிலேயே "சரிடி, பார்க்கலாம்டி" என்று வைத்துவிடுவாய். உமா வீட்டுக் கல்யாணத்தில் நீ இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். முறுக்குப் பக்கம் கையே போகவில்லை. முறுக்கைத் தொடாத ராஜியை நான் இதுவரை பார்த்ததில்லை! பந்தி முடிந்ததும் பையிலிருந்து மாத்திரை எடுத்து விழுங்கியதையும் பார்த்தேன். அதனால் இதை உட்கார்ந்து முழுசாகப் படி.

என் பயத்தின் கதை உனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் அப்பா என்னைப் பல் பிடுங்கக் கூட்டிப் போனபோது நீயும் வெளியே பெஞ்சில் இருந்தாய். என் அலறலைக் கேட்டுத்தான் உனக்கும் ஒட்டிக்கொண்டது என்று இன்றைக்கும் சொல்வாய். உள்ளே நடந்ததைச் சரியாகச் சொன்னேனா என்று ஞாபகமில்லை. ஊசி வலிக்காது என்றார் அந்த டாக்டர், வலித்தது. மரத்துவிட்டது என்றார், மரக்கவில்லை. வலிக்கிறது என்று அவர் கையைத் தள்ளினேன். கம்பவுண்டர் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு பெரிய பொண்ணு அழலாமா" என்றார். அந்த வலி எப்படி இருந்தது என்று இப்போது ஞாபகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. நான் சொன்னதை இரண்டு பெரியவர்கள் நம்பவே இல்லை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இப்போது பார்த்தது கார்த்தியின் சிநேகிதனுடைய அக்கா. சின்னப் பெண். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவள். முதல் நாள் கருவியையே எடுக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்தாள், ஐந்தே கேள்வி. நாளைக்குப் பல் வைத்தியம் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி, பல்லைக் குடையும்போது, சுத்தம் செய்யும்போது, ஈறில் ஊசி போடும்போது எப்படி என்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரை மதிப்பெண். 1995இல் பிரிட்டனில் உருவாக்கியதாம். 25க்கு 19 வந்தாலே கடுமையான பயம் என்று கணக்கு. நான் அதையும் தாண்டியிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. "எது ரொம்ப பயம் ஆன்ட்டி? ஊசியா, சத்தமா, நடுவுல நிறுத்த முடியாதுங்கிறதா?" என்று கேட்டாள். கடைசியில் சொன்னதுதான் என்றேன். "அப்போ அதை முதல்ல சரி பண்ணிடலாம். இடது கையைத் தூக்கினா நிறுத்திடுவேன், ஏன்னு கேட்கமாட்டேன்" என்றாள். சொன்னதோடு விடவில்லை. வெறும் கண்ணாடியை மட்டும் என் வாயில் வைத்து, தூக்கிப் பாருங்கள் என்றாள். தூக்கினேன். உடனே கண்ணாடியை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டதுடி.

அந்த வாசனையைப் பற்றியும் கேட்டேன். உள்ளே நுழைந்ததுமே வயிற்றைப் புரட்டுமே, அது. கிராம்பில் இருக்கிற யூஜெனால்தானாம். துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்க வைத்திருப்பார்கள். ஹாஸ்டல் பிரியாணியில் கிராம்பைப் பொறுக்கி உன் தட்டில் போடுவேனே, காரணம் கிடைத்துவிட்டது.

அப்புறம் ஊசி. பஞ்சால் ஈறைத் துடைத்து, மரக்கும் ஜெல்லைத் தடவிவிட்டு அவசரப்படாமல் காத்திருந்தாள். கன்னத்தைப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே மருந்தை ரொம்ப நிதானமாக இறக்கினாள். சுருக்கென்றது, அவ்வளவுதான். ஆனால் உடனே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கையைத் தூக்கினேன், நிறுத்தினாள். மருந்து அந்த இடத்திலேயே தங்குவதற்காக அதில் 80,000இல் ஒரு பங்கு அட்ரினலின் கலந்திருக்கிறது, படபடப்பு அதனால்தான், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்றாள். அடங்கிவிட்டது. ஏழாம் வகுப்பிலும் இதே படபடப்புதான். அன்றைக்குச் செத்துப்போகப் போகிறேன் என்றே நினைத்தேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உதடு மரத்ததும் ஆரம்பித்துவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. உதடு மரத்தாலும் பல் மரக்காமல் இருக்கலாம் என்று சில்லென்ற பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் கையை வைத்தாள்.

இனிமேல் கெமிஸ்ட்ரி டீச்சராகப் படி. ஊசியில் இருந்த மரக்கும் மருந்து லிக்னோகைன். அது ஒரு வீக் பேஸ், பிகேஏ 7.9, அதாவது பிஎச் 7.9இல் பாதி மூலக்கூறுகள் மின்னேற்றத்தோடும் பாதி இல்லாமலும் இருக்கும். மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுதான் நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். உடம்பின் பிஎச் 7.4இல் ஏறக்குறைய கால் பங்கு அப்படி இருக்கும். வீங்கிச் சீழ் வைத்த இடத்தில் அமிலம் ஏறிவிடுகிறது. பிஎச் 6.4 என்று வைத்து நீயே கணக்குப் போடு, மூன்று சதவீதம்தான் தேறும். வேறு காரணங்களும் உண்டாம், ஆனால் இது ஒன்றே போதும். வலி உச்சத்தில் இருக்கும்போது போனால் சுலபத்தில் மரக்காது. மரக்காவிட்டால் வலிக்கும். வலித்தால் அடுத்த தடவை இன்னும் தள்ளிப்போடுவோம். ஸ்வீடனில் பெர்க்ரென் என்பவர் 1984லேயே இந்தச் சுழலை எழுதி வைத்திருக்கிறார். நம்மைப் போலப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு நிஜமாகவே அதிகமாக வலிக்கிறது, ராஜி. கற்பனை கிடையாது. (லிக்னோகைனும் ஸ்வீடன்தான். 1943இல் லோஃப்கிரென் தயாரித்தார். கூட இருந்த லுண்ட்குவிஸ்ட் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்தார். அந்த மனிதரை நினைத்துக் கும்பிட்டேன்.)

பயம் போயே போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நிமிஷத்துக்கு மூன்று லட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிற அந்தக் கருவியின் சத்தம் எனக்கு இன்னும் ஆகாது. கார்த்தியின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாதஸ்வரம் கேட்டேன். பல்லின் மேல் உறையாகக் கேப் போடப் போன அன்றும் காலையில் இட்லி இறங்கவில்லை. ஆனாலும் போனேன்.

உன் மாத்திரைக்கு வருகிறேன். அது வலியை அடக்கும், பல்லுக்குள் நடப்பதை ஒன்றும் செய்யாது. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கிப் போடுகிற வேலையும் வேண்டாம். உள்ளே நரம்பு செத்துப்போன பல்லில் ரத்த ஓட்டமே இருக்காது, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? உனக்கு வயிற்றில் புண் வேறு, சில வலி மாத்திரைகள் அதற்கு ஆகாது. தாடைக்குக் கீழே வீங்கினாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதே, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. மூச்சுக்குழாயையே அடைக்கிற அளவுக்குப் போகக்கூடியது அது. உனக்கு அப்படி எதுவும் ஆகிவிடுமோ என்று கல்யாணத்திலிருந்து வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

வைகாசியில் சுமதி மகள் வளைகாப்புக்குத் திருச்சி வருகிறேன். அதற்குள் வலி கூடினால் எனக்காகக் காத்திருக்காதே. முதலில் கிளினிக்குக்குப் போன் பண்ணு. எனக்குப் பயம், முதல் நாள் பேச மட்டும் வரலாமா, கையைத் தூக்கினால் நிறுத்துவீர்களா என்று கேள். இழுத்தார்கள் என்றால் வேறு இடம் பார், திருச்சியில் பல் டாக்டருக்கா பஞ்சம்? காலை நேரமாக வாங்கிக்கொள், நாள் பூராவும் நினைத்து மறுக வேண்டாம். அல்சர் இருக்கிறது, சர்க்கரை இல்லை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ.

வளைகாப்புக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன். அன்றைக்கே நேரம் கிடைத்தால் கூட உட்காருகிறேன். தேதியை எனக்கு எழுது, சுமதியிடம் மட்டும் மூச்சு விடாதே, ஊருக்கே சொல்லிவிடுவாள். நீ கேட்ட அரப்புத்தூளை எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கௌரி