முழங்கையில் மஞ்சள்

அன்பு மகனுக்கு,

உன் நீல ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. மடிப்புக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. "முழங்கையில் ஓட்டை. வெளியே தெரியாமல் தைத்துக் கொடும்மா" என்று எழுதியிருந்தாய். கண்ணா, நன்றாக வெளியே தெரியும்படி, கடுகு மஞ்சள் நூலில் தைத்திருக்கிறேன். பார்சலைப் பிரித்ததும் நீ திடுக்கிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

நீ கேட்டபடி செய்யத்தான் முதலில் பார்த்தேன். அன்று நான் அதைப் பின்னிய அதே நூலில் மிச்சம் ஒரு சிறு உருண்டையைப் பெட்டியில் வைத்திருந்தேன். எடுத்து ஸ்வெட்டரின் மேல் வைத்தேன், சேரவில்லை. பெட்டியில் இருந்த நூல் அன்றைய கருநீலமாகவே இருக்கிறது. உன் ஸ்வெட்டர் ஒன்பது குளிர்காலத்து வெயிலும் தண்ணீரும் பார்த்து வெளுத்துவிட்டது. கொஞ்சம் வெளிர்ந்த நீலம் ஒன்றையும் வைத்துப் பார்த்தேன், அது இன்னும் மோசம். ஏறக்குறைய ஒத்துப்போகிற நிறம் கறை மாதிரித் தெரியும். முழுக்க வேறு நிறம் என்றால், ஒருவர் யோசித்துச் செய்தது என்று தெரியும். அதனால்தான் மஞ்சள்.

எடுத்த உடனே ஊசி குத்தவில்லை. ஒரு நாள் முழுக்க அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை வலது முழங்கையில். இடது முழங்கை அப்படியே இருக்கிறது. கன்னத்தில் கையை ஊன்றி உட்காருகிற பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை, சிறு வயதில் பாடம் படிக்கும்போது உட்காருவாயே, அதே மாதிரி. அப்புறம் இரண்டு கைகளிலும் மணிக்கட்டு விளிம்பு இழைந்து நைந்திருக்கிறது. குளிரும்போது விரல்களை உள்ளே இழுத்து, விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாய், இல்லையா? போனில் ஒவ்வொரு முறையும் "குளிரெல்லாம் பழகிவிட்டதும்மா" என்றுதான் சொல்கிறாய். இந்தக் கடிதத்தோடு ஒரு ஜோடிக் கையுறையும் வருகிறது. போட்டுக்கொள்.

முதுகுப் பக்கத்தில் என் பிழை ஒன்றையும் கண்டுபிடித்தேன். பின்னலில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. ஓரிடத்தில் நேர்க்கண்ணி விழ வேண்டிய வரிசையில் மூன்று கண்ணிகள் திரும்பி விழுந்திருக்கின்றன. எப்போது என்றும் தெரியும். நீ முதன்முதலாக விடுதிக்குப் போன வாரத்தில்தான் முதுகுப் பகுதியைப் பின்னிக்கொண்டிருந்தேன். அன்றே கண்ணில் பட்டிருந்தால் பிரித்துத் திரும்பப் போட்டிருப்பேன். இப்போது அதைத் தொட மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

இனி வேலையைச் சொல்கிறேன், கவனமாகப் படி. நீயும் செய்ய வேண்டியிருக்கும்.

நெய்த துணியில் பாவு, ஊடு என்று நூல் இரண்டு திசையில் ஓடும். பின்னலில் ஒரே நூல்தான், கண்ணிக்குள் கண்ணியாக நுழைந்து போகும். அதனால்தான் ஸ்வெட்டர் இழுத்தால் நீள்கிறது, விட்டால் திரும்பிவிடுகிறது. அதே காரணத்தால் ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்கு நேர் மேலும் கீழுமாக அடுத்தடுத்த கண்ணிகள் ஏணிப்படி போலக் கழன்றுகொண்டே போகும். ஆகவே, அவிழ்ந்து நிற்கிற கண்ணிகளை முதலில் வேறொரு நூலில் கோத்துப் பிடித்துவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் நேராகத் தைக்கப் போனால் ஓட்டை பெரிதாகும்.

பிறகு ஸ்வெட்டரின் கைக்குள் மரக்கரண்டி ஒன்றை விட்டு, அதன் முதுகு ஓட்டைக்கு நேராக வரும்படி வைத்தேன். முனை மழுங்கிய தடித்த ஊசிதான் நல்லது, கூர் முனை நூலையே பிளந்துவிடும். ஓட்டையின் விளிம்பிலிருந்து ஆரம்பிக்காதே. ஒரு விரல் அகலம் தள்ளி, நைந்துபோகாத இடத்திலிருந்து ஆரம்பி. மேலிருந்து கீழாக நெருக்கமாக இழைகளை ஓட்டி முடித்த பின், குறுக்கே ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று ஊசியைக் கொண்டு போ. அடுத்த வரிசையில் அது மாறி வரும். தறியில் நெய்கிற அதே வேலைதான், உள்ளங்கை அகலத்தில். ஒவ்வொரு திருப்பத்திலும் நூலை இறுக்காமல் சின்ன வளையம் விட்டுவை. புது நூல் முதல் துவைப்பில் சுருங்கும், அப்போது அந்த வளையம் இடம் கொடுக்கும். நான் முதல் தடவை இழுத்து இறுக்கிவிட்டேன். துணி கொசுவிக்கொண்டது. பிரித்துவிட்டு மறுபடி போட்டேன்.

ஓட்டையைச் சுற்றி மெலிந்த இடத்தில் வேறு வேலை செய்திருக்கிறேன். ஏற்கெனவே இருக்கிற கண்ணி எந்த வழியில் போகிறதோ, அதே வழியில் புது நூலையும் கொண்டுபோவது. சின்னச் சின்ன மஞ்சள் ஆங்கில 'V' எழுத்துகளாகத் தெரிகிறதே, அதுதான். நான்கு மாலைகள் ஆயின. அந்த நான்கு மாலையும் வேறு எந்தக் கவலையும் என் பக்கம் வரவில்லை. மேலே, கீழே, மேலே, கீழே என்று கை போகும்போது மூச்சும் அதோடு சேர்ந்து போகிறது.

ஒரு ஸ்வெட்டரில் எத்தனை கண்ணி இருக்கும் என்று என்றாவது நினைத்திருக்கிறாயா? உன்னுடையதில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 30 வரிசை. உடம்புப் பகுதியில் மட்டும் சுமார் 40,000 வருகிறது. கைகளையும் சேர்த்தால் 58,000-க்கு மேல். நிமிடத்துக்கு 20 கண்ணி என்று வைத்தாலும் ஐம்பது மணி நேரத்துக்குக் கிட்ட வரும். அதில் ஒரு சில டஜன் கண்ணிகள்தான் போயிருக்கின்றன.

ஜப்பானின் வடக்கே, பருத்தி விளையாத குளிர்ப் பகுதியில், உழவர்கள் நீலத் துணிகளை அடுக்கிவைத்து வெள்ளை நூலால் சின்னச் சின்ன ஓட்டுத் தையல் போட்டார்கள். சாஷிகோ என்று பெயர், 'சிறு குத்தல்' என்று பொருள். வங்காளத்துக் காந்தா என்ற தையலில் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பார்கள், தைக்கிற நூலையும் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். இன்று அவற்றைப் பார்த்து அழகு என்கிறோம், அழகுதான். ஆனால் அந்த ஜப்பானிய உழவருக்குத் தைக்காவிட்டால் குளிர் தாங்காது. வேறு வழியில்லாமல் வந்த தையல் அது. நமக்கு வேறு வழி இருக்கிறது. விரும்பித் தைக்கும் நாம் அவர்கள் நிலையை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, அது உனக்கே பொருந்தும். பிரிட்டன் கடற்கரையில் மீனவர்களுக்குப் பின்னிய கான்ஸி ஸ்வெட்டரில், கையைத் தோளில் ஆரம்பித்து மணிக்கட்டை நோக்கிப் பின்னுவார்கள். முதலில் நைவது மணிக்கட்டும் முழங்கையும்தானே. நைந்தால் கீழிருந்து பிரித்துக்கொண்டே போய், புது நூலில் திரும்பப் பின்னிவிடலாம். கிழியும் என்பதை முன்கூட்டியே நினைத்துப் பின்னியிருக்கிறார்கள்! உனக்கு அடுத்த ஸ்வெட்டர் அப்படித்தான். நீ எவ்வளவு வேண்டுமானாலும் விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொள்.

கீழ் ஓரத்தில், இடது பக்கம், பட்டாணி அளவில் ஒரு ஓட்டையைத் தைக்காமல் விட்டிருக்கிறேன். அது அந்துப்பூச்சி வேலை. பறக்கிற பூச்சி கம்பளியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். வியர்வையும் கறையும் உள்ள இடத்தை அது விரும்பும், அதனால் துவைக்காமல் பெட்டிக்குள் வைக்காதே. வெந்நீர் வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். ஆறின தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கவைத்து உலர்த்து.

அந்த ஓட்டை உனக்காக. அவிழ்ந்த கண்ணிகளைப் பிடித்துவைத்துவிட்டேன், பயப்படாதே. ஸ்வெட்டரின் கைக்குள் ஊசி ஒன்று இருக்கிறது, நூலும் கோத்திருக்கிறேன். மஞ்சள்தான் வேண்டும் என்றில்லை, உனக்குப் பிடித்த நிறம் எடுத்துக்கொள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். முடித்ததும் படம் அனுப்பு. உள்பக்கத்தையும் சேர்த்து எடு, நூலை எங்கே இறுக்கியிருக்கிறாய் என்று அதில்தான் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அம்மா