கசிவு எங்கே என்று கண்டறியாமல் ரேடியேட்டரை மாற்றியது குறித்த புகார்

அனுப்புநர்:
வாகன உரிமையாளர்,
சேலம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
கார் பழுதுபார்ப்பு நிறுவனம்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: கூலன்ட் கசிவைச் சோதிக்காமல் தேவையற்ற உதிரிபாகங்களை மாற்றியது, செய்யாத சோதனைக்குக் கட்டணம் வாங்கியது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சேலம் கிளையின் ஜாப் கார்டுகள், பில்கள், எஸ்டிமேட்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2009-ஆம் ஆண்டு வாங்கிய என் மாருதி வேகன் ஆர் காரை (1.1 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்), கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே போகிறது என்று சொல்லித் தங்கள் சேலம் கிளையில் விட்டேன். அங்கே கசிவு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்காமலேயே புது ரேடியேட்டரைப் பொருத்தினார்கள். கசிவு நிற்காததால் ஹோஸ்களை மாற்றினார்கள். அதற்கும் நிற்காதபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றினார்கள். கடைசியில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினில் எரிந்த வாயுவும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று ரூ. 28,500-க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். கசிந்துகொண்டிருந்தது வாட்டர் பம்ப். வேறொரு பட்டறையில் ரூ. 3,200 செலவில் பம்பை மாற்றிய பிறகு கூலன்ட் மட்டம் அசையவே இல்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். காலையில் வண்டியை எடுத்த இடத்தில், முன் பம்பருக்கு நேர் கீழே, உள்ளங்கை அளவுக்கு இளம்பச்சை நிறத்தில் ஈரம் தெரியும். கூலன்ட் டப்பாவின் மட்டம் மெல்ல மெல்லக் கீழ்க்கோட்டுக்கு இறங்கும். ஊருக்குள் ஓட்டும்போது வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கும். ஏற்காட்டுக்கு ஏறும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள், முள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடும். இவை அனைத்தையும் தங்கள் மேற்பார்வையாளரிடம் தெளிவாகச் சொன்னேன். ஜாப் கார்டில் "கூலன்ட் லீக், ஓவர்ஹீட்" என்று மட்டும் எழுதிக்கொண்டார். கசிவு வண்டி ஓடும்போதா, நின்ற பிறகா, எஞ்சின் சூடாக இருக்கும்போதா, குளிர்ந்த பிறகா என்று எந்தக் கேள்வியும் வரவில்லை. வண்டியின் முன்பகுதியில் சொட்டுகிறது, ஆகவே ரேடியேட்டர் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

ரேடியேட்டர் கசியவே கசியாது என்று நான் வாதிடவில்லை. அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் மடித்துப் பொருத்தப்பட்டிருக்கும் இணைப்பில், பழைய கார்களில் விரிசல் விடுவது வழக்கம்தான். அதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது என்பதும், அந்த வழியைத் தங்கள் கிளை பின்பற்றவில்லை என்பதும், பின்பற்றியதாகப் பில்லில் எழுதி என்னிடம் பணம் வாங்கியிருக்கிறது என்பதுமே என் புகார். "கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்ட் – ரூ. 600" என்ற வரி இரண்டாவது பில்லில் இருக்கிறது. எத்தனை அழுத்தத்தில் சோதித்தார்கள், எவ்வளவு நேரம் நின்றது, எவ்வளவு இறங்கியது என்ற எந்தக் குறிப்பும் ஜாப் கார்டில் இல்லை. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது சோதனை முடிவு என்ன என்று கேட்டேன். அந்தக் கருவி இப்போது வேறு கிளையில் இருக்கிறது என்று அங்கிருந்த டெக்னீஷியன் வெள்ளந்தியாகச் சொன்னார். உண்மையைச் சொன்ன அந்த இளைஞர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர்மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டாம்.

அந்தச் சோதனை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் சேலத்தின் குகை பகுதியில் உள்ள சிறு பட்டறை ஒன்றில்தான் பார்த்தேன். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக, வண்டியை முதல் நாள் மாலையே விடச் சொல்லி, மறுநாள் காலையில் என்னை வரச் சொன்னார் மெக்கானிக். ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் பொறிக்கப்பட்டிருந்த 0.9 என்ற அளவு வரை காற்றை ஏற்றினார். எஞ்சின் ஓடவில்லை, சூடும் இல்லை. ஆனாலும் மேல் ஹோஸ் மலைச்சாலையில் ஓடும்போது இருப்பதைப் போல விறைத்தது. அளவியின் முள் சற்று நேரத்தில் 0.9-ஐ விட்டு நகர்ந்து, கண்ணுக்குத் தெரிய இறங்கிக்கொண்டே போனது. அடிமறைப்பைக் கழற்றி, ஈரமான இடங்களையெல்லாம் துணியால் துடைத்து உலர்த்திவிட்டு, மறுபடி அழுத்தம் ஏற்றி, டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். தாங்கள் மாற்றிய புது ரேடியேட்டரும் ஹோஸ்களும் உலர்ந்தே இருந்தன. வாட்டர் பம்பின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு துளையில் மட்டும் பச்சை நிறத்தில் ஒரு துளி திரண்டு, கனத்து, கீழே வழிந்தது.

அந்தத் துளை எதற்காக என்று தங்கள் டெக்னீஷியன்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பம்பின் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், நீர் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேறுவதற்காகவும், சீல் போய்விட்டது என்று பார்ப்பவருக்குத் தெரிவதற்காகவுமே அதை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளையிலிருந்து எஞ்சின் உடல் வழியாகக் கீழ்நோக்கி வெளிர்பச்சையும் வெள்ளையும் கலந்த ஒரு படிவம் உப்புப் பூத்ததுபோல் காய்ந்து கிடந்தது. கூலன்ட் மீண்டும் மீண்டும் வழிந்து, நீர் ஆவியாகி, அதில் கரைந்திருந்தவை தங்கினால்தான் அந்தத் தடிமனில் படிவம் ஏற்படும். பெல்ட்டைத் தளர்த்திவிட்டுப் பம்பின் புல்லியைக் கையால் அசைத்தபோது அது லேசாக ஆடியது. ஆகவே, தங்கள் கிளையில் ரேடியேட்டர் மாற்றப்பட்ட பிறகு புதிதாக முளைத்த கசிவு இது என்று வாதிட இடமில்லை. டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். படிவத்தின் புகைப்படங்களை இணைத்துள்ளேன்.

பம்பில் கசிந்த நீர் ஏன் முன் பம்பருக்குக் கீழே சொட்டியது என்பதற்கும் விடை கிடைத்தது. எங்கள் வீட்டு வாசல் தெருவை நோக்கிச் சரிவானது. வண்டியின் மூக்கு தாழ்ந்தே நிற்கும். வழிந்த நீர் அடிமறைப்பில் விழுந்து, சரிவோடு முன்னே ஓடி, ரேடியேட்டருக்கு அடியில் சொட்டியிருக்கிறது. சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற அனுமானத்தில் தங்கள் கிளை ரூ. 7,850 பில் போட்டிருக்கிறது. கழற்றிய பழைய ரேடியேட்டரைக் கேட்டபோது, அது ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. அது என்னுடைய பொருள். அதில் விரிசல் இருந்ததா என்று இனி யாரும் பார்க்க முடியாது.

ஹெட் கேஸ்கெட் எஸ்டிமேட்டைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று அறிய, ரேடியேட்டர் வாயில் எழும் காற்றை நீல நிறத் திரவம் ஒன்றின் வழியாக இழுத்துப் பார்க்கிறார்கள். கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். என் வண்டியில் அது நீலமாகவே இருந்தது. எண்ணெயில் பால்போன்ற கலங்கலும் இல்லை, சைலன்சரில் வெண்புகையும் இல்லை. இவற்றில் எதையுமே பார்க்காமல் ரூ. 28,500 என்று எழுதுவதற்கு எந்த அடிப்படை இருந்தது என்பதைத் தாங்கள்தான் கூற வேண்டும். மலை ஏறும்போது முள் ஏறியதற்கும் கேஸ்கெட் காரணமன்று. மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் வரை, நீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். பம்பு கசிந்து மட்டமும் அழுத்தமும் ஒருசேரக் குறைந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்; சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் திறந்த பாத்திரத்து நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சாலையில் மட்டும் தொல்லை வந்ததில் வியப்பில்லை.

கசிவை அடைக்கும் திரவம் ஊற்றப்பட்டது எனக்குத் தெரிந்ததே பம்பைக் கழற்றிய அன்றுதான். உள்ளே பழுப்பு நிறத்தில் சேறுபோன்ற துகள்கள் ஒட்டியிருந்தன. பில்லை எடுத்துப் பார்த்தால் "கூலிங் அடிட்டிவ்" என்று ஒரு வரி. பம்பின் சீலை அந்தத் திரவம் சரிசெய்யாது. ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரின் குழாய்களையும் அடைக்க அதனால் முடியும். என் காரில் ஹீட்டரிலிருந்து இப்போது வெதுவெதுப்பான காற்றுகூட வருவதில்லை. இதைத் தொலைபேசியில் சொன்னபோது, சேலத்தில் ஹீட்டரை யார் சார் போடுகிறார்கள் என்று கேட்டார் மேற்பார்வையாளர். மார்கழி அதிகாலையில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது முன்கண்ணாடி மங்கினால் அதைத் தெளிய வைப்பது அந்த ஹீட்டர்தான். அதே உரையாடலில், பழைய வண்டி என்றால் ஒன்று மாற்றி ஒன்று போய்க்கொண்டுதான் இருக்கும் என்றும் அவர் கூறினார். ஒன்று மாற்றி ஒன்று போகவில்லை. போனது ஒரே ஒரு பாகம். மற்றவற்றை மாற்றியது தங்கள் கிளை.

ஆகவே, ரேடியேட்டர் பில் தொகை ரூ. 7,850, ஹோஸ்களுக்கும் அவற்றைப் பொருத்தவும் வாங்கிய ரூ. 1,900, நடக்காத சோதனைக்கான ரூ. 600, என் அனுமதியின்றி ஊற்றப்பட்ட திரவத்துக்கான ரூ. 450 ஆகியவற்றைச் சேர்த்து மொத்தம் ரூ. 10,800-ஐத் திருப்பித் தருமாறு கோருகிறேன். புது ரேடியேட்டர் வண்டியில்தானே இருக்கிறது என்று தங்கள் தரப்பில் கூறப்படலாம்; நான் கேட்காத, எனக்குத் தேவைப்படாத, தற்போது அந்தத் திரவத்தின் துகள்கள் படிந்த அந்தப் பொருளைத் தாங்கள் கழற்றி எடுத்துக்கொண்டு, நிறுவனத் தயாரிப்பான, பயன்படுத்தப்படாத வேறொன்றைப் பொருத்தித் தருவதானால், ரேடியேட்டர் தொகையை மட்டும் விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன். ஹீட்டர் குழாய்களை வேறு பட்டறையில் சுத்தம் செய்ய ஆகும் செலவையும், அது பலிக்காவிட்டால் மாற்றும் செலவையும் தங்கள் நிறுவனமே ஏற்க வேண்டும். அழுத்தச் சோதனை செய்ததாகப் பில்லில் எழுதியது யார், எந்த அளவீட்டின்பேரில் என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதிலும் தேவை. தொலைபேசி விளக்கம் வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிடில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ், சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையீடு செய்வேன். அப்போது குகைப் பட்டறையின் பில்லையும், கழற்றிய வாட்டர் பம்பையும் ஆணையத்தின் முன் வைப்பேன். அந்தப் பம்பு இப்போது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தங்கள் தொழில்நுட்ப அதிகாரி எவரேனும் நேரில் வந்து பார்க்க விரும்பினால் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல்கள், தங்கள் கிளையின் பில்கள், ஹெட் கேஸ்கெட் எஸ்டிமேட், வேறு பட்டறையின் பில், வாட்டர் பம்பின் புகைப்படங்கள்.