செயற்கைக் காலும் சிற்பமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கைக் கை, கால்களை வைத்து இன்றைய சிற்பிகள் செய்யும் படைப்புகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் போட்டு நடக்கிறவன் நான். கட்டுரை அந்தக் காலை இழப்பின் அடையாளமாக மட்டுமே பார்த்தது வருத்தமாக இருந்தது. எனக்கு அது வயலுக்கும் கடைத்தெருவுக்கும் என்னைக் கூட்டிப்போகிற கால்.

ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகத்துக்கு எதிரே ஒரு கால் சிதைந்த நாற்காலி நிற்கிறது. டேனியல் பெர்செ வடிவமைத்தது, 12 மீட்டர் உயரம். கண்ணிவெடிகளை எதிர்த்து 1997-ல் வைத்தார்கள். அங்கே இழப்பைக் காட்டியதுதான் சரி. ஆனால் எல்லாப் படைப்பும் அங்கேயே நின்றுவிட வேண்டுமா?

ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் காலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் டாக்டர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து அதை உருவாக்கிய ராம் சந்திர சர்மா ஒரு கைவினைக் கலைஞர். அதற்கு முன்பு கிடைத்த கால்களுக்கு ஷூ வேண்டும், சம்மணம் போட வராது. அவர்கள் செய்த ரப்பர் பாதத்தோடு வெறுங்காலாகச் சேற்றில் இறங்கலாம், பந்தியில் உட்காரலாம். டெல்டாக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

எங்களைத் தடுப்பது பெரும்பாலும் படிகளும் மனிதர்களும்தான். ஒரு கோயில் வாசலில் செருப்போடு சேர்த்துக் காலையும் கழற்றி வைக்கச் சொன்னார்கள். அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டேன். நம் சிற்பிகளோ, நிற்க வலுவிழந்த பிருங்கி முனிவருக்கு ஊன்றி நிற்க ஈசன் கொடுத்த மூன்றாவது காலை மறைக்காமல் செதுக்கிக் கோயிலுக்குள்ளேயே நிறுத்தியவர்கள். அந்த மனசு இன்றைய சிற்பத்திலும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி மாணவர்களும் சுவாமிமலை ஸ்தபதிகளும் இதில் இறங்கினால் புதுக் கால்களை வாங்கி அடுக்க வேண்டாம். போட்டு நடப்பவர்களோடு முதலில் உட்கார்ந்து பேசட்டும். தேய்ந்த குதிகால், சேறு ஏறி வெடித்த ரப்பர், வியர்வையில் கறுத்த பட்டை, இவை எல்லாமே பேசும். வளரும் பிள்ளைகளுக்குக் காலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே பிள்ளையின் பழைய கால்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக வைத்தால், அந்தப் பிள்ளை வளர்ந்த கதை முழுக்க அதில் இருக்கும்.

அப்புறம், கண்காட்சியைத் தரைத்தளத்தில் சாய்தளத்தோடு வையுங்கள். பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்கவும் அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.