மலையேற்றிப் பத்திரமாக இறக்கிவிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அருணாசலப் பிரதேசத்தின் சியாங் மலைகளில், இரண்டாம் உலகப் போரின்போது விழுந்து இன்றும் காட்டுக்குள் கிடக்கும் அமெரிக்கச் சரக்கு விமானம் ஒன்றை நேரில் பார்த்து, அளந்து, படமெடுத்து, அறிக்கை எழுதி உரிய இடத்தில் சேர்த்துவிட்டேன். இந்திய விமானப் படையில் விமானப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அசாமில் உள்ள சபுவா தளத்தில் இருந்த காலத்திலிருந்தே இது என் ஆசை. ஆசை மட்டும்தான் என்னுடையது. அதை நடத்திக் கொடுத்தவர்கள் வேறு பலர். ஆளுக்கொரு முறை கைபேசியில் நன்றி சொன்னதோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. இப்படிப்பட்ட விமானம் ஒன்று அடையாளம் காணப்பட்டால் செய்தியில் வருவது வெளியிலிருந்து போனவர்களின் பெயர். கூட்டிப்போனவர்களும் சுமை தூக்கியவர்களும் அந்தச் செய்தியின் கடைசி வரியில்கூட இருப்பதில்லை. ஆகவே பலர் அறியச் சொல்கிறேன்.

இந்தப் போர்க்கதை தெரியாதவர்களுக்காகச் சிறிது பின்னணி. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குப் போகும் தரைவழி அடைபட்டுப்போனது. சீனப் படைக்கும் அங்கிருந்த அமெரிக்க விமானப் படைக்கும் பெட்ரோல், வெடிகுண்டு, உதிரிப்பாகம் எல்லாமே அசாமிலிருந்து வான்வழியே போக வேண்டியதாயிற்று. சபுவா, டின்ஜான், மோகன்பாரி, ஜோர்ஹாட் முதலிய தளங்களிலிருந்து குன்மிங் நகரம்வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர். குறுக்கே இமயத்தின் கிழக்குக் கிளைகள். விமானிகள் அந்தப் பாதைக்கு வைத்த பெயர் ‘ஹம்ப்’, அதாவது திமில். 1945 நவம்பரில் நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ ஆறரை லட்சம் டன் சரக்கு அந்த வழியே போனது. விழுந்தும் காணாமற்போயும் சிதைந்தும் கணக்கிலிருந்து நீங்கிய விமானங்கள் குறைந்தது 594. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 1,659 பேர்.

எதிரி விமானங்கள் சுட்டு வீழ்த்தியவை இவற்றில் சிறு பங்கே. மற்றவற்றை வீழ்த்தியது மலையும் வானிலையும்தான். இறக்கையில் பனி படிந்தால் விமானம் தன் எடையையே தாங்காது. அந்த உயரத்தில் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கும் காற்று, விமானியே அறியாதபடி விமானத்தைப் பாதை மாற்றிவிடும். நம்பத்தக்க வரைபடங்கள் கிடையாது. சி-46 என்ற சரக்கு விமானத்தைக் குறைகள் முழுதும் தீர்வதற்குள் போர் அவசரத்தில் இங்கே கொண்டுவந்து பறக்கவிட்டார்கள். ஓட்டியவர்களில் பலர் பயிற்சி முடித்துச் சில மாதங்களே ஆன இளைஞர்கள். என் வாழ்நாளெல்லாம் விமானம் பழுதுபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நிலையில் ஒரு விமானத்தைப் பறக்க அனுமதித்துக் கையெழுத்திட என் கை எழுந்திருக்காது. அவர்கள் ஒவ்வொரு நாளும் பறந்தார்கள்.

முதல் நன்றி, எங்களுக்கு வழிகாட்டிய, ‘ஆதி’ என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த வேட்டைக்காரப் பெரியவருக்கு. ஐயா, அந்த இடம் உங்கள் தந்தைக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், உங்கள் பேரனுக்கும் இப்போது தெரியும். உலகத்துக்குத்தான் தெரியாமல் இருந்தது. காட்டில் பாதை என்று ஒன்று இல்லவே இல்லாத இடத்தில், ஒரு மரத்தின் சாய்வைப் பார்த்தே நீங்கள் திரும்பினீர்கள். விமானத்தின் வால்பகுதி தெரிந்ததும் நீங்கள் எங்களை நிறுத்தி, இறந்தவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டுத்தான் முன்னே போக அனுமதித்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அங்கே எதையும் தொடும் முன் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டே தொட்டேன். பணம் தருவதாகச் சொல்லியும் ஒரு திருகாணியைக்கூட வியாபாரிகளுக்கு நீங்கள் கழற்றித் தந்ததில்லை என்று ஊரில் சொன்னார்கள். உங்கள் பெயரையும் அந்த இடத்தின் பெயரையும் இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணமும் அந்த வியாபாரிகள்தான். மனித எச்சங்கள் இன்னும் அங்கே இருக்கக்கூடும். அது ஒரு கல்லறை. நினைவுப்பொருள் தேடி யாரும் அங்கே ஏறக்கூடாது.

சியாங்கில் முன்பு நடந்ததும் இதே கதைதான். 1944 ஜனவரி 25ஆம் நாள் குன்மிங்கிலிருந்து சபுவாவுக்கு வேறு நான்கு விமானங்களுடன் கிளம்பிய ‘ஹாட் ஆஸ் ஹெல்’ என்ற பி-24 குண்டுவீச்சு விமானம், எட்டுப் பேருடன் காணாமற்போனது. 2006இல் டாம்ரோ கிராமத்துக்கு மேலே அதை அடையாளம் கண்டவர் என்று அரிசோனாவைச் சேர்ந்த கிளேட்டன் கூல்ஸின் பெயர் பதிவாகியிருக்கிறது. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சொந்தப் பணத்தில் ஆண்டுதோறும் வந்து, ஊர் ஊராக விசாரித்து, குடும்பங்களுக்குப் பதில் தேடித் தந்தவர் அவர். ஆனால் அவர் விசாரித்தபோது பதில் சொல்ல அங்கே ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்கள் இல்லாமல், அந்த எட்டுப் பேரில் ஒருவரான லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட் 2017இல் ஜார்ஜியா மாநிலத்துச் சொந்த ஊரில் அடக்கமாகியிருக்க முடியாது.

சுமை தூக்கிய தம்பிகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? அரிசி, தார்ப்பாய், என் அளவுக் கருவிகள், கேமரா என்று எல்லாவற்றையும் மூங்கில் கூடையில் போட்டு நெற்றிப் பட்டையில் மாட்டிக்கொண்டு, நான் கைகளை ஊன்றி ஏறிய சரிவில் பேசிச் சிரித்துக்கொண்டே ஏறினீர்கள். அட்டை கடித்த என் காலில் புகையிலைச் சாறு பூசினீர்கள். மூங்கில் குழாயில் சோறு வடித்து, அதைப் பிளந்து, முதல் பங்கை எனக்கே கொடுத்தீர்கள். இறங்கும்போது முழங்கால் வீங்கி நான் உட்கார்ந்துவிட்டேன். இருட்டுவதற்குள் ஆற்றைக் கடந்தாக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருந்தது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மாறி மாறி முதுகில் சுமந்தீர்கள். என்னுடைய எடை எனக்குத் தெரியும், தம்பிகளே.

அடையாளம் காணும் வேலையிலும் பாதி உங்களுடையது. மண்ணில் பாதி புதைந்திருந்த இயந்திரத்திலிருந்து நீங்கள் பாசியை விலக்கிய பிறகுதான் சிலிண்டர்களை எண்ண முடிந்தது. வரிசைக்கு ஒன்பதாக இரண்டு வரிசை, மொத்தம் பதினெட்டு. சி-47 சரக்கு விமானத்துக்கும் பி-24 விமானத்துக்கும் இருப்பது பதினான்கு சிலிண்டர் இயந்திரம். ஆகவே இது சி-46தான் என்று அங்கேயே சொல்ல முடிந்தது. புரொப்பெல்லர் இதழ்களின் நுனி முன்னோக்கி வளைந்திருந்தது. மோதிய நொடியில் இயந்திரம் வலுவோடு சுழன்றுகொண்டிருந்தது என்பதற்கு அது அடையாளம். பழுதாகி விழுந்த விமானமாகத் தெரியவில்லை. மேகத்துக்குள் மலை எதிரே நிற்பது தெரியாமலே பறந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். இதை நான் சொன்னதும் நீங்கள் எல்லோரும் அமைதியானீர்கள். பிறகு உங்களில் இளையவர் அடுப்புக் கரியை எடுத்து, இயந்திரத் தகட்டின் மேல் தாளை வைத்துத் தேய்த்து, கேமராவுக்குத் தெரியாத எண்களை எனக்கு எடுத்துத் தந்தார். அது எனக்குத் தோன்றாத வழி.

அந்த எண்களின் மதிப்பு பெரிது. விமானப் பாகங்களின் எண் ஒரே மாதிரியான எல்லா விமானங்களிலும் இருக்கும். ஆனால் இயந்திரத்தின் வரிசை எண் அந்த ஒரு இயந்திரத்துக்கே உரியது. ஒரு விமானம் திரும்பாதபோது அமெரிக்கப் படை எழுதிய ‘காணாமற்போன விமானக் குழு அறிக்கை’யில் அந்த இயந்திர எண்ணையும் பதிவுசெய்தார்கள். அந்தத் தாள்களைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பிய மேரிலாந்துக்காரப் பெண்மணிக்கு நன்றி. அவர் ஒரு தன்னார்வலர். நள்ளிரவில் நான் கேட்ட கேள்விக்கும் உடனே பதில் வந்துவிடும். காணாமற்போன அமெரிக்கப் படையினரைத் தேடும் அரசு முகமையிடம் எங்கள் அறிக்கை இருக்கிறது. இந்திய மண்ணில் இன்னும் நானூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரைக் காணவில்லை என்பது அவர்கள் கணக்கு. முடிவு வந்த பிறகு அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் குடும்பத்தினர். அதனால் விமானத்தின் எண்ணையும் நான் வெளியிடவில்லை.

நேரில் பார்த்திராத மூன்று பேருக்கும் இங்கே தலைவணங்க வேண்டும். 1945 ஜனவரி முதல் வாரத்தில் பதின்மூன்று பேருடன் குன்மிங்கிலிருந்து கிளம்பி அருணாசல மலைகளில் மறைந்த வேறொரு சி-46ஐத் தேடும் பணியில், செப்டம்பர் மாதப் பனிப்புயலில் சிக்கி, லிசு இனத்து வழிகாட்டிகள் மூவர் குளிரில் உறைந்து இறந்தார்கள். அந்த விமானம் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கோ பிறந்து இங்கே விழுந்த, முகம் தெரியாத பதின்மூன்று பேருக்காக, அந்தப் போரில் எந்தப் பங்கும் இல்லாத மூவர் உயிர் போனது. இதைக் கேட்டபோது நான் போவதா வேண்டாமா என்று தயங்கினேன். மழைக்காலம் முழுதும் முடிந்து, பெரியவர் தாமே நாள் குறித்த பிறகே கிளம்பினோம்.

உயிருடன் விழுந்தவர்களைக் காப்பாற்றியதும் இத்தகைய மக்களே. 1943 ஆகஸ்டில் சபுவாவிலிருந்து கிளம்பிய ஒரு சி-46 பழுதாகி, அதிலிருந்த இருபத்தொரு பேரில் இருபது பேர் பாராசூட்டில் நாகா மலையில் குதித்தார்கள். செய்தியாளர் எரிக் செவரெய்ட் அவர்களில் ஒருவர். மருத்துவர் டான் ஃபிளிக்கிஞ்சர் இரண்டு உதவியாளர்களுடன் தாமே அங்கே குதித்து அவர்களைக் கவனித்துக்கொண்டார். அந்தத் துணிச்சல் புகழ்பெற்றது, புகழ் தகும். அவர்களுக்கு இடமும் உணவும் தந்த நாகா கிராமத்தாரையும் அதே குரலில் சொல்ல வேண்டும். 2019 ஜூனில் நம் விமானப் படையின் ஏஎன்-32 ஒன்று ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுக்காவுக்குப் போகும் வழியில், இதே சியாங் மலைகளில் பதின்மூன்று பேருடன் விழுந்தபோதும் உள்ளூர் வேட்டைக்காரர்களும் மலையேறிகளும் மீட்புக் குழுவோடு சென்றார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பயணத்திலும் வந்தார். தம்பி, இறந்த அந்தப் பதின்மூன்று பேரும் என் படையைச் சேர்ந்தவர்கள். அந்த நன்றியையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஊரில் எங்களைத் தங்கவைத்த அம்மாவுக்கு நன்றி. உங்கள் அடுப்பின் மேலே தொங்கிய பெரிய அலுமினியச் சட்டி, அந்த விமானத்தின் தகட்டில் உங்கள் மாமனார் அடித்துச் செய்தது என்று சொன்னீர்கள். விளிம்பில் ஆணித்துளை வரிசை அப்படியே இருந்தது. எண்பது ஆண்டுகளாக ஒரு குடும்பத்துக்குச் சோறாக்கிய பாத்திரம் அது. அருங்காட்சியகத்துக்குத் தரலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டபோது நீங்கள் மறுத்தீர்கள். நீங்கள் மறுத்ததே சரி, அம்மா.

பாசிகாட்டில் 2023 நவம்பரில் திறக்கப்பட்ட ‘ஹம்ப்’ அருங்காட்சியகத்தின் ஊழியர்கள், மலைக்குப் போகும் முன் இயந்திரங்களையும் புரொப்பெல்லர்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார்கள். அந்தப் பொருள்களின் முன்னால் நின்று பழகியதால்தான் மலைமேல் என்ன பார்க்கிறோம் என்பது புரிந்தது. அனுமதிச் சீட்டு வேலையை முடித்துத் தந்த அலுவலக நண்பருக்கும், திப்ருகரிலிருந்து மண்சரிவுகளுக்கு நடுவே சுமோவை நிதானமாக ஓட்டி வந்த ஓட்டுநருக்கும் நன்றி. தாம்பரத்தில் என்னோடு பணியாற்றிய பழைய நண்பர்கள் செலவில் பங்கெடுத்தார்கள். இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று எல்லோரும் கேட்டபோது, போய்வாருங்கள் என்று சொன்னவள் என் மனைவி ஒருத்திதான்.

தமிழில் நினைக்கும் என் நெஞ்சையும் ஆதி மொழி மட்டும் பேசும் பெரியவரின் நெஞ்சையும் இந்தி வழியே இணைத்தவர் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர். இரவு வெகுநேரம் ஆனபோதும் அவர் ஒரு கேள்வியையும் சுருக்கவில்லை. இந்த மடலையும் ஊர்ப் பொதுமன்றத்தில் ஆதி மொழியில் படித்துக்காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆசிரியரே, படிக்கும்போது ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முகமைக்கு அனுப்பிய அறிக்கையின் முதல் பக்கத்தில், இடத்தைக் கண்டவர்கள் என்ற தலைப்பின்கீழ் பெரியவரின் பெயரும் அவருடைய தந்தையின் பெயரும் இருக்கின்றன. சுமந்தவர்கள் எல்லோருடைய பெயரும் அதற்கடுத்து வருகிறது. என் பெயர், அளந்தவன் என்று கடைசியில் இருக்கிறது. அச்சிட்ட பிரதிகளையும் படங்களையும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பெயர்களில் எழுத்துப்பிழை ஏதும் இருந்தால் உடனே தெரிவியுங்கள், திருத்தி மீண்டும் அனுப்புகிறேன்.

நன்றியுடன்,
விமானப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவன்,
தாம்பரம்