அந்தச் சிவப்புப் புள்ளிகள் எந்த மாதத்தியவை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆப்பிரிக்கப் புல்வெளித் தீயைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். வழவழப்பான தாள், கண்டம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகளை வாரித் தெளித்த வரைபடம், எல்லாம் அழகுதான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ‘அறியாமையால் ஆண்டுதோறும் தங்கள் காட்டைத் தாங்களே கொளுத்தும் மக்கள்’. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. கட்டுரையாளர் அந்த மக்களில் ஒருவரையாவது நேரில் பார்த்திருக்கிறாரா என்று கேட்க மாட்டேன். பார்க்காமல் எழுதுவதை இப்போதெல்லாம் யாரும் குறையாக நினைப்பதில்லை.

எண்பதுகளில் நானும் என் கணவரும் ஜாம்பியாவின் வடக்கு மாகாணத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தோம். நம் பக்கத்திலிருந்து அப்போது எத்தனை ஆசிரியர்கள் அங்கே போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் பத்திரிகைகூடக் கப்பல் தபாலில் மாதக்கணக்காகத் தாமதித்து எங்களுக்கு வரும். வரி விடாமல் படிப்போம்.

பள்ளிக்கு ஒரு வயதான காவலாளி இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘பாஷிகுலு’, தாத்தா. அங்கே ஏப்ரலோடு மழை நின்றுவிடும். மே கடைசியில் புல் ஆளை மறைக்கிற உயரத்துக்கு நிற்கும். மேலே காய்ந்திருக்கும், அடியில் இன்னும் பச்சை. வெயில் தாழ்ந்து காற்று அடங்கியபின் அவர் ஒரு பிடிப் புல்லில் நெருப்பைப் பற்றவைத்து, நடைபாதையின் ஓரமாகக் காற்றுக்கு எதிர்த்திசையில் வைத்துக்கொண்டே போவார். இன்னொரு கையில் இலையோடு முறித்த பச்சைக் கிளை. தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது. புகைதான் அதிகம். பனி இறங்க இறங்கச் சோம்பி, தாழ்வான ஈர நிலத்துக்குப் போனதும் தானாக அவிந்துவிடும். மறுநாள் பார்த்தால் நிலம் கறுப்பும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகக் கிடக்கும். மரங்களுக்கு அடிப்பட்டையில் ஒரு கருகல், அவ்வளவுதான். சில நாளில், ஒரு சொட்டு மழையில்லாமலே, கரிந்த தூரிலிருந்து இளம்புல் தலைகாட்டும். ஊர் ஆடெல்லாம் அங்கேதான் நிற்கும்.

அறியாமை என்று எழுதினீர்களே, அது இதுதான்.

பக்கத்திலேயே வெளிநாட்டு உதவியில் நடந்த ஒரு பண்ணை இருந்தது. பெயர் வேண்டாம். புதிதாக வந்த நிர்வாகி, தீ என்ற பேச்சே கூடாதென்று பலகை நட்டார். வைத்தவனுக்கு அபராதம். சில வருடம் புல் மேல் புல்லாகச் சேர்ந்தது. பார்க்கப் பசுமையாகத்தான் இருந்தது, அதிகாரிகள் வந்து படம் பிடித்துக்கொண்டும் போனார்கள். பிறகு ஓர் அக்டோபர். அந்த ஊருக்கு அதுதான் கொடும் வெயில் மாதம். நடுப்பகலில், காற்றோடு, எங்கிருந்தோ ஒரு தீ வந்தது. மர உச்சிவரை போயிற்று. தீவனக் கொட்டகை போயிற்று. மறுவருடமும் தளிர்க்காமல் நின்ற மரங்களை வகுப்புச் சன்னலிலிருந்தே பார்க்கலாம். பண்ணையின் அறிக்கையில் காரணம் எப்படி எழுதியிருந்தார்கள் தெரியுமா? ‘உள்ளூர் மக்களின் அலட்சியம்.’ உங்கள் கட்டுரையாளருக்கு அங்கே நல்ல வேலை கிடைத்திருக்கும்.

ஒரு வாத்தியாரம்மா கண்ட கதை போதாது என்பீர்கள். சரி. அதே ஜாம்பியாவில் என்டோலா நகரத்துக்குப் பக்கத்தில் 1933-லேயே காட்டைப் பாத்திகளாகப் பிரித்துச் சோதனை தொடங்கினார்கள். ஒன்றில் வறண்ட பருவத்தின் தொடக்கத்தில் தீ, ஒன்றில் பருவக் கடைசியில், ஒன்றில் தீயே இல்லை. அதன் முடிவுகளைக் காலின் டிராப்நெல் என்ற அரசுச் சூழலியலாளர் 1959-ல் வெளியிட்டார். கடைசியில் வைத்த தீ பெருமரங்களை அழித்துப் புல்தரையாக்கிவிட்டது. தொடக்கத்தில் வைத்த தீயில் மரங்கள் பிழைத்தன. ஐவரி கோஸ்ட்டில் கோகோன்டெக்ரோ என்ற இடத்தில் பிரெஞ்சு வனத்துறையின் ஒபிரேவில் 1936-ல் தொடங்கிவைத்த சோதனையும் இதே முடிவைத்தான் சொன்னது. தீ படாத பாத்தி அடர்ந்த காடானது உண்மைதான். அதைச் சுட்டிக்காட்டி எனக்குப் பதில் எழுத வேண்டாம். அது தீத்தடுப்புக் கோடு வெட்டி, கண்காணித்துக் காத்த சின்னத் துண்டு நிலம். ஒரு நாடு முழுக்கவா அப்படிக் காவல் போட முடியும்?

போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. எழுபதுகளில் கினி நாட்டில் புதர்த்தீ வைத்தால் மரண தண்டனை என்றே சட்டம் இருந்தது. மாலியில் எண்பதுகளில் ராணுவ ஆட்சி, எல்லாத் தீக்கும் தடை போட்டுக் கடும் அபராதம் வசூலித்தது. பருவத் தொடக்கத்தில் ஊரறிய, மெதுவாக வைத்த தீ நின்றதே தவிர, தீ நிற்கவில்லை. பயந்தவன் ஒளிந்து வைத்துவிட்டு ஓடுவான், நின்று பார்த்து அணைக்க மாட்டான். இதை யோசித்துப் பார்க்க விஞ்ஞானி வேண்டாம்.

கினியில் கிசிடூகு வட்டாரத்தில் இன்னொரு கூத்து. ஒவ்வொரு ஊரைச் சுற்றியும் ஒரு வட்டக் காடு, ஊருக்கும் ஊருக்கும் இடையில் பரந்த புல்வெளி. ஒரு காலத்தில் எல்லாமே காடாக இருந்தது, ஜனங்கள் எரித்ததில் மிஞ்சியது இவ்வளவுதான் என்று அதிகாரிகள் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தார்கள். ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-ன் வான்படங்களைப் பிந்தைய படங்களோடு ஒப்பிட்டு, பெரியவர்களையும் உட்கார வைத்துக் கேட்டார்கள். கதை தலைகீழ். அந்த வட்டக் காடுகளை வளர்த்தவர்களே ஊர்க்காரர்கள்தான். ஊரைச் சுற்றி மாட்டை மேயவிட்டு, முன்கூட்டியே புல்லை எரித்து, பெருந்தீ அண்டாமல் காத்ததில் காடு பெருகியிருந்தது. இவர்களைத்தான் எரிப்பவர்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

இனி அந்த வரைபடம். செயற்கைக்கோள், ஒரு கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் எங்கோ தீயின் வெப்பம் தெரிந்தால் அந்தக் கட்டத்துக்கு ஒரு புள்ளி வைக்கும். நீங்கள் அச்சிட்ட அளவில் ஒரு புள்ளி ஒரு தாலுகாவையே மூடுகிறது. பாஷிகுலு வைத்த ஜூன் தீக்கும் பண்ணையை விழுங்கிய அக்டோபர் தீக்கும் அதில் ஒரே சிவப்பு. எந்த மாதத்துப் படம் என்று கீழே ஓரிடத்திலும் இல்லை. அது இல்லாமல் அந்தப் படத்தால் என்ன தெரிந்துகொள்வது? உலகில் ஆண்டுதோறும் தீ பரவும் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆப்பிரிக்காவில் என்பதைக் குற்றப்பத்திரிகை போல வாசித்திருக்கிறீர்கள். எரிந்த புல் அடுத்த மழையில் முளைத்து, விட்ட கரியமில வாயுவில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. காட்டை வெட்டிச் சோயா போடுவதும் இதுவும் ஒன்றா? மீத்தேன் கணக்கு வேறு, அதை நான் மறுக்கவில்லை. ‘ஆண்டுக்கு ஆண்டு அதிகரித்துவரும் தீ’ என்றும் போட்டிருக்கிறீர்கள். 1998-லிருந்து 2015-க்குள் உலகில் எரியும் பரப்பு கால்வாசி குறைந்திருக்கிறது. அதில் பெரும்பங்கு குறைந்ததே சவன்னா என்னும் வெப்பமண்டலப் புல்வெளிகளில்தான், வயலும் பட்டியும் பெருகியதால். தான்சானியாவின் செரெங்கெட்டியில் 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் மான்கள், மாட்டுக் கொள்ளைநோய் ஒழிந்தபின் பத்து லட்சத்தைத் தாண்டின. புல்லைத் தின்ன வாய் பெருகியதும் தீ குறைந்தது, மரம் கூடியது. இவ்வளவு சுவாரசியமான சங்கதியை விட்டுவிட்டு ‘அறியாமை’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டீர்கள்.

நாங்கள் இருந்த வடக்கு மாகாணத்துப் பெம்பா மக்களின் சித்தெமேனே சாகுபடி பற்றியும் இரண்டு வரி வசவு இருந்தது. ஆண்கள் மரத்தில் ஏறிக் கிளைகளை மட்டும் கழிப்பார்கள், பெண்கள் அதைச் சுமந்துவந்து நடுவில் அடுக்குவார்கள். மழைக்குச் சற்று முன் எரிப்பார்கள். எரிக்கும் நாளை அந்தக் காலத்தில் தலைவர்தான் அறிவிப்பாராம். அடிமரம் நிற்கும், மறுபடி துளிர்க்கும். அந்தச் சாம்பலில் விதைப்பது என்ன தெரியுமா, நம் கேழ்வரகு! முதல்முறை அந்தக் கதிரைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வெள்ளைக்காரக் கம்பெனி நிர்வாகம் இதற்குத் தடை போட்டது. ஜனங்கள் பசியில் வாடவே தடையை விலக்கிக்கொண்டது. இன்று ஆள் பெருகி, நிலத்தைப் போதிய வருடம் ஆறப்போட முடியாமல் போனது நிஜமான சிக்கல். கரி சுடுபவர்களும் வேட்டைக்குப் போகிறவர்களும் செப்டம்பரில் வைத்துவிட்டுப் போகும் தீயும் அப்படியே. அவற்றைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

படித்தவர்கள் தவறே செய்வதில்லையா? தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1992 முதல், மின்னல் வைத்த தீ மட்டும் எரியட்டும், மனிதர் வைத்ததை எல்லாம் அணை என்று ஒரு கொள்கை. 2001 செப்டம்பரில் அங்கே மூண்ட பெருந்தீயில் கூரைப்புல் அறுக்க வந்த தொழிலாளர்களும் காவலர்களுமாக 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதன்பிறகு பருவத் தொடக்கத்திலேயே திட்டுத்திட்டாக எரித்துவைக்கும் வழக்கம் அங்கே வந்தது.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். 2019 ஆகஸ்டில் அமேசான் எரிந்தபோதும் ‘ஆப்பிரிக்கா இன்னும் மோசம்’ என்று பெட்டிச்செய்தி போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், என் கடிதம் நான்கு வரியாகச் சுருங்கி, ‘கட்டுரை அருமை’ என்ற பகுதி மட்டும் வெளிவந்தது. போன வருடம் ஜாம்பியாவைக் காம்பியா ஆக்கினீர்கள். இரண்டும் கண்டத்தின் வேறு வேறு கோடியில் இருப்பவை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை சவன்னா தீ என்று போட்ட முகப்புப் படத்தில் எரிபவை ஊசியிலை மரங்கள். பக்கத்திலேயே பனிமலை வேறு. கூடவே, ‘அந்தப் புல்வெளிகளில் கோடிக்கணக்கில் மரம் நட்டால் தீர்ந்தது’ என்ற யோசனை. அந்த மரத்தின் நிழலில் வரிக்குதிரை எதை மேயும் என்பதையும் யாராவது எழுதியிருக்கலாம்.

கேட்பது அதிகமில்லை. அடுத்தமுறை தீ வரைபடம் போட்டால் கீழே மாதத்தைக் குறிப்பிடுங்கள். அந்த ‘அறியாமை’ வரியைத் திரும்பப் பெறுவதாக வாசகர் பக்கத்தின் மூலையில் சின்ன எழுத்திலாவது போடுங்கள். இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் என் கப்பல் தபால் கதையை வெட்டிக்கொள்ளலாம். என்டோலா சோதனையில் கை வைக்காதீர்கள். காம்பியாவுக்கான திருத்தம் இன்னும் வரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை