அக்காவுக்கு: அது வாயு இல்ல

அக்கா,

அப்பாவோட ஆண்டுத் திதி முடிஞ்ச கையோட எழுதுறேன். போன்ல சொன்னா "உலை கொதிக்குது, வை"ன்னு வச்சிடுவே. ஊர் பார்க்க எழுதிட்டாளேன்னு உனக்குக் கோவம் வரும்; பொறுத்துக்கோ. நெஞ்சு தூக்கிப் போட்டா வாயுன்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஓமத் தண்ணி குடிக்கிறவங்க நம்ம புளியரையில மட்டும் இல்ல. மலை தாண்டி புனலூர் ஈசிஜி ரூம் வாசல்லயும் உக்காந்திருக்காங்க. அவங்களும் படிக்கட்டும்.

பந்திக்குச் சோத்துச் சருவத்தைத் தூக்கிட்டு வந்தவ நடைப்படியில நின்னே. ஒரு தடவை செருமினே. கண்ணு எங்கேயோ போயிட்டு வந்துச்சு. மணிக்கட்டைப் பிடிச்சுப் பார்த்தேன். மூணு துடிப்பு ஒழுங்கா வந்துச்சு, நாலாவதைக் காணோம், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் விரலைத் தள்ளுற மாதிரி ஒண்ணு. திரும்ப மூணு. அதுக்குள்ள கையை உதறிட்டு "எலை காயுது, வழி விடு"ன்னு போயிட்டே. கூட்டத்துல அவமானப்படுத்திட்டேன்னு அம்மாகிட்ட சொன்னியாமே!

அந்த நாலாவது துடிப்பு விட்டுப்போகல, முந்திக்கிட்டு வந்துச்சு. துடிப்பைத் தொடங்கி வைக்க வேண்டியது இதயத்தோட வலது மேலறையில இருக்கிற சைனஸ் கணு. சில சமயம் இதயத்துல வேற ஒரு இடம் அவசரப்பட்டு ஒண்ணைக் கிளப்பிவிடும். எக்டோபிக்னு சொல்லுவோம். அறை நிரம்புறதுக்குள்ளயே சுருங்கிடுறதால வெளிய வர்ற ரத்தம் கொஞ்சம், பல தடவை மணிக்கட்டுக்கே எட்டாது. அதுக்கு அப்புறம் வர்ற இடைவெளியில அறை கூடுதலா நிரம்பி, அடுத்தது ஓங்கி அடிக்கும். நேரத்துக்கு முன்னாடி காலியாக் கிளம்பின செங்கோட்டை பஸ்ஸும், அடுத்த வண்டியில பிதுங்குற கூட்டமும்தான். "தூக்கிப் போடுது"ன்னு நீ சொல்றது, நல்லா வர்ற அந்த அடுத்த துடிப்பைத்தான்.

ராத்திரி மதினி போன்ல இருந்து ஆக்சிமீட்டர் படம் அனுப்பினியே, 41னு, அதுக்கும் இதான் காரணமா இருக்கும். விரலுக்கு வந்து சேர்ற துடிப்பை மட்டும்தான் அது எண்ணும். ஒண்ணு விட்டு ஒண்ணு எக்டோபிக்கா வந்தா 82 துடிப்பு 41னு தெரியும். ஆனா நெசமாவே துடிப்பு குறைஞ்சாலும் அதே 41தான் காட்டும். எதுன்னு பிரிச்சுச் சொல்றது ஈசிஜி மட்டும்தான்.

இதயம் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1,00,000 தடவை துடிக்குது. நோய் நொடி இல்லாதவங்களுக்கே துடிப்பை 24 மணி நேரம் பதியிற ஹோல்டர் கருவியை மாட்டிப் பார்த்தா, அங்கொண்ணும் இங்கொண்ணும் எக்டோபிக் இருக்கும். தூக்கம் கெட்டா, காய்ச்சல் வந்தா, மனசு கொதிச்சா கூடும். ரத்தசோகை, தைராய்டு அதிகமாச் சுரக்கிறது, வயித்துப்போக்குல பொட்டாசியம் குறையிறது, சளி மாத்திரை, இழுப்புக்கு இழுக்கிற மருந்து, எல்லாமே கிளப்பிவிடும். காப்பி சிலருக்கு ஒத்துக்காது, சிலருக்கு ஒண்ணும் பண்ணாது. இரண்டு வாரம் நிறுத்திப் பாரு. நிறுத்த மாட்டே, தெரியும்.

இவ்வளவுதான்னா நானே "பொறுத்துப் பார்க்கலாம்"னு சொல்லியிருப்பேன். உக்காந்திருக்கும்போது எப்பவாவது வந்து, நடந்தா அடங்கிப்போறது பெரும்பாலும் தொந்தரவு இல்லாதது. உனக்கு அப்படி இல்லையே. பாரம் தூக்கும்போது வருது. கண்ணு இருட்டுது. மூணாவது, சித்தப்பா. அதை இங்க விரிக்கல, படிக்கிறவங்கள்ல நம்ம ஆளுகளும் உண்டு. 34 வயசுல வரப்புல விழுந்தவரைப் பத்தி வீட்டுல ஒரு கதை ஓடுது, ஓடட்டும். டாக்டர்கிட்ட மட்டும் மறைக்காதே. 40க்குள்ள காரணம் தெரியாம திடீர்னு போன ரத்த உறவு இருக்கான்னு அவர் கேட்பார். அம்மா தடுத்தாலும் சொல்லு.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தாலோ, சும்மா இருக்கும்போதே 120க்கு மேல அடிச்சு நிக்காம இருந்தாலோ, நாள் பார்க்காதே. 108தான். மலைக்கு அந்தப் பக்கமும் அதே நம்பர்தான்.

பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த படபடப்பு மாத்திரையை மட்டும் தொடாதே. 1989ல அமெரிக்காவுல காஸ்ட்னு ஒரு ஆய்வு. மாரடைப்பு வந்தவங்களுக்கு எக்டோபிக்கை அடக்க மாத்திரை கொடுத்தாங்க. எக்டோபிக் அடங்குச்சு, சாவு கூடிப்போச்சு. நீ வாங்கி வச்சிருக்கிறது அந்த மருந்து இல்லாம இருக்கலாம். இருந்தாலும் துடிப்பு நெசமாவே குறைவா இருக்கிறவங்க அதைப் போட்டா இன்னும் குறையும்.

அம்மா சர்க்கரைக்குத் தென்காசி, அத்தான் முட்டிக்குத் திருவனந்தபுரம். அங்கெல்லாம் ஓபி சீட்டு வாங்க வரிசையில நின்னவ நீ. உனக்குன்னு வந்தா ஓமத் தண்ணி! இதைப் பெருமைன்னு நினைச்சுக்காதே அக்கா, எரிச்சலா இருக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ஒரு வேலை. அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு, பெருவிரலுக்குக் கீழ மணிக்கட்டுல ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வை. பெருவிரலால பார்க்காதே, அதுலயும் நாடி ஓடும். முழுசா 60 நொடி எண்ணு. எத்தனை, எத்தனை விட்டுச்சு, அப்போ என்ன வேலை செஞ்சேன்னு காலண்டர் தாள்ல எழுது. ஒழுங்குக்கு நடுவுல ஒண்ணு விடுறது வேற, தாளமே இல்லாம தாறுமாறா ஓடுறது வேற. ரெண்டாவது சொன்னது மேலறை நடுக்கமா இருக்கலாம். அதுல ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரைக்கும் போகும், அதுக்கு மருந்தே வேற.

ஈசிஜி பதியிறது 10 நொடிதான். அந்த நேரத்துல வரலைன்னா தாள் நல்லாத்தான் இருக்கும். "நார்மல்"னு சந்தோஷமா வந்துடாதே, ஹோல்டர் வேணுமான்னு கேளு. இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கிற எக்கோவும், ரத்தத்துல ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்எச், பொட்டாசியமும் எழுதுவாங்க. ஹோல்டர்ல எக்டோபிக் மொத்தத் துடிப்புல 10 சதவீதத்தைத் தாண்டினா, வருஷக் கணக்குல இதயத் தசை தளர வாய்ப்பு இருக்கு. அதனாலதான் எக்கோ.

செவ்வாய்க்கிழமை காலையில தென்காசி பெரியாஸ்பத்திரி. ஈசிஜிக்கு வெறும் வயிறு வேண்டாம், சாப்பிட்டுட்டுப் போ. முன்பக்கம் ஊக்கு வச்ச ஜாக்கெட் போடு. அன்னைக்கு மட்டும் உடம்புல தேங்காயெண்ணெய் தேய்க்காதே, ஒட்டுறது வழுக்கும். காலண்டர் தாளை எடுத்துக்கோ. அத்தான் வரலைன்னா மதினி வருவாங்க, பேசிட்டேன். மத்தியானச் சோறு ஒரு நாளைக்கு அவங்களே வடிச்சுக்கட்டும்.